உள்தாப்பா கீதா?

"அலோ! அலோ!... யாரு, மெட்ராஸா?... அலோ!... இரு இரு, வெச்சிடாத, வெச்சிடாத!... அடியே முனிம்மா! மோட்டார நிறுத்தச் சொல்லுடி! ஒரு எயவும் காதுல வுய மாட்டேங்குது!... உன்ன இல்ல தம்பி, இங்க மில்லுல சொன்னேன். நீ பேசு... ஆங், ஆங். உத்தரமேரூரு. ரைஸ் மில்லு பவளம் பேசறேன்."

காலை எட்டு மணிக்குப் பதிவு செய்த டிரங்க் கால் பதினொன்றரைக்குத்தான் கிடைத்தது. அதற்குள் பவளம் ஒரு நெல் வியாபாரியைத் திட்டி வாசலோடு அனுப்பிவிட்டாள். ஈர மூட்டையை அடியில் போட்டு அடுக்கிய லோடுமேனை வெளுத்து வாங்கிவிட்டாள். மேசையில் காகிதம் பறக்காமல் வைத்திருந்த ஐந்து கிலோ எடைக்கல்லைச் சும்மா தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கோபம் அப்படி. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நின்றால் மில்லில் அவள் யாரைத் திட்டுகிறாள் என்று பெயரோடு சொல்லிவிடலாம்.

அந்தப் பக்கம் பேசியவன் கோபால். மெட்ராஸ் டூர் கம்பெனி ஒன்றின் குமாஸ்தா. ஜில்லாவின் மில்காரர்கள் பதினாலு பேரை ஜப்பானுக்கு அழைத்துப்போய் புது மிஷின்களைக் காட்டிக் கூட்டிவருவது அந்த 1984ஆம் வருஷத்தில் அவன் தலையில் விழுந்த வேலை. பவளத்தை அவன் நேரில் பார்த்ததுகூட இல்லை.

"ரூமு சங்கதியாத்தான் பேசணும் தம்பி. நீ காயிதம் போட்டிருந்தியே... ஆங்... ஓட்டலா? ஓட்டலு வோணாம்பா. புளிசோறு, ஊறுகா, எள்ளுருண்ட எல்லாம் கட்டிக்கினு வரேன். பச்ச மீன எவன் துன்னுவான்? எனக்கு படுக்கத்தான் எடம் வோணும்... இன்னா?... படுக்கற எடத்துக்கே ஓட்டலுன்னுதான் பேரா? அட ராமா! எங்க ஊர்ல ஓட்டலுன்னா இட்லி துன்ற எடம், படுக்கறதுன்னா லாட்ஜி... சிரிக்காத. செரி, ஓட்டலே இருக்கட்டும். ஒவ்வொரு ஊரா சொல்லு."

ஐந்து இரவு, ஐந்து ஊர். பகலெல்லாம் பாக்டரி, சாயங்காலம் ரயில், இருட்டினபின் போய்ச் சேர்ந்து விடிந்ததும் பெட்டியைக் கட்ட வேண்டியது.

"டோக்கியோ. ஆங், ஆங்... டேசனாண்ட ஒண்ணு, தள்ளி ஒண்ணு. தள்ளி இருக்கறது ரூமு பெர்சா?... பெர்சு எதுக்குப்பா? நானு அங்க நெல்லா காயவெக்கப் போறேன்? போயி தலைய சாச்சா விடிஞ்சிடப் போவுது. டேசனாண்டயே போடு... செரி... செரி. உள்தாப்பா கீதா?... தாப்பாப்பா, தாப்பா! கதவுக்கு உள்பக்கம்... சாவி இல்ல. சாவி இன்னொர்த்தன் கையிலயும் ஒண்ணு இருக்கும். நானு உள்ள நின்னுக்கினு போடற தாப்பா... சங்கிலியும் கீதா? அப்ப அத்தயே போடு. மொத ஊரு முடிஞ்சிச்சி."

முனியம்மாள் களத்தில் நெல்லைத் துழாவுவதை நிறுத்திவிட்டு, கையில் பலகையோடு ஆபீஸ் ஜன்னலைப் பார்த்தாள். தாழ்ப்பாள் என்ற சொல் அவள் காதில் விழுந்தால் அப்படித்தான் நின்றுவிடுவாள். அதற்குக் காரணம் இருந்தது.

"ஒசாகா... இன்னாது? பொட்டியா? மனுசன் பொட்டிக்குள்ள பூந்து படுப்பானா?... ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி... தாப்பாவுக்கு பதிலா திரையா? யோவ், எங்கிட்ட வெளையாடறியா?... பொம்பளைங்கள சேக்க மாட்டாங்களா? அப்ப அத்த எதுக்கு எங்கிட்ட சொல்லிக்கினு கீறே? வேற சொல்லு... ஆங். டேசனாண்ட. ஏயாவது மாடி... லிப்ட்டு. தாப்பா?... செரி."

மூன்றாவது ஊரும் நான்காவது ஊரும் சண்டையில்லாமல் தேறின. ஒன்றில் அறை மாட்டுக் கொட்டகையின் ஒரு மூலை அளவுதான் என்று கோபால் தயங்கியபோதுகூட, "தாப்பா கீது இல்ல? போதும்" என்று முடித்துவிட்டாள். வம்பு ஐந்தாவது ஊரில் வந்தது.

"கியோட்டா... பயைய காலத்து வூடு. ஆங்... பாயில படுக்கணுமா? எனக்கு பாயிலதான் தூக்கம் வரும்... தோட்டம் தெரியுமா? தெரியட்டும். கதவு?... தள்ளுற கதவு. செரி, தள்ளிட்டு உள்ள தாப்பா... இல்லியா?... பலகையா, இரும்பா?... இன்னாது?... இன்னோரு வாட்டி சொல்லு... காயிதமா?"

எடைக்கல் மேசையில் டமாரென்று விழுந்தது.

"காயிதக் கதவா! யோவ், எச்சி தொட்டுக் குத்துனா வெரலு அந்தாண்ட வருமேய்யா! அத்தப் போயி கதவுன்றே! பொங்கலுக்கு பட்டம் வுடறதையெல்லாம் கதவுன்னு மாட்டிக்கினு கீறான், அதுக்குள்ள என்ன போயி படுக்கச் சொல்றியா? நீ உன் ஆத்தாளை அங்க படுக்கவெப்பியா? சொல்லுடா!... மரியாதையா? மரியாத தானா வரும், மொதல்ல பலகைக் கதவாப் பாரு!"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் செங்கேணி இதே மில்லில் செத்துப்போனார். அதன்பின் மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. பட்டப்பகலில், நெல் கிடங்கில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவளுக்குப் பின்னால் வந்து கதவைச் சாத்தினான் சடையப்பன். செங்கேணியின் சொந்தத் தம்பி, இவளுக்குக் கொழுந்தன். கிடங்குக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. இருந்திருந்தால் அவன் வருமுன் போட்டிருப்பாள். கைக்கு எட்டியது மூட்டை தூக்கும் இரும்புக் கொக்கிதான். அது அவன் வலது கையை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழித்தது. ரத்தம் நெல்லில் வடிந்தது. ஆணி கிழித்துவிட்டது என்று அவன் ஊரில் சொல்லிக்கொண்டான். உண்மை தெரிந்தவள் முனியம்மாள் ஒருத்திதான். ரத்தம் பட்ட இரண்டு மூட்டை நெல்லையும் அவள்தான் கழுவிக் காயவைத்தாள்.

மறுநாளே பவளம் காஞ்சிபுரம் போய் பதினோரு தாழ்ப்பாள் வாங்கிவந்து வீட்டுக்கும் மில்லுக்கும் போட்டாள். கொக்கி அன்றிலிருந்து ஆபீஸ் சுவரில், கைக்கெட்டும் உயரத்தில் தொங்குகிறது. சடையப்பனும் அன்றிலிருந்து அவளை அண்ணி என்று கூப்பிடுவதை விட்டான். கடைத்தெருவில் நாலு பேர் நடுவில் பவளம், பவளம் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுச் சிரிப்பான்.

"இன்னா பயமா? உனுக்கு இன்னாப்பா தெரியும், நீ சின்னப் பையன்... கூடவே ஆளு கீதா? யாரு ஆளு?... எங்கூட்டுக்காரரா?"

குரல் சட்டென்று இறங்கிவிட்டது. முனியம்மாள் பலகையைக் கீழே போட்டுவிட்டு ஜன்னலருகில் வந்தாள்.

"தம்பி. எங்கூட்டுக்காரரு செத்து மூணு வர்சம் ஆவுது. நீ யாரச் சொல்றே?... அந்த லிஸ்ட்ட படி. பேரப் படி... எஸ். பவளம். ஆங், நானுதான். எங்கூட யாரு பேரு போட்டுக் கீறே?... கே. சடையப்பன்."

கேள்வியாகக்கூட அவள் கேட்கவில்லை.

"அவன் எப்டி லிஸ்ட்டுல வந்தான்?... ஒர்த்தரு நின்னுட்டாரு, அந்த எடத்துல... ஆமா, மாவு மில்லு அவன்துதான், அடுத்த கட்டடம்... ஒரே அட்ரஸ்தான், ஒரே காம்பவுண்டுதான், அதுக்கோசரம் அவன எனக்கு புருசனாக்கிடுவியா?... எஸ்ஸா?... எஸ்ஸுன்னா சடையப்பனா? டேய்! எஸ்ஸுன்னா செங்கேணிடா! செங்கேணி! தோ இந்த மெசினு பெல்ட்டுல மாட்டிக்கினு துண்டு துண்டா வந்தாரே, அந்த செங்கேணி! பாஸ்போர்ட்டுல புருசன் பேரு போட்டுக் கீதே, பாக்கலியா? கண்ணு இன்னா பொடனியிலயா கீது?"

கோபாலைச் சொல்லியும் குற்றமில்லை. கல்யாணமான பெண்பிள்ளை தன் பெயருக்கு முன்னால் புருஷன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக்கொள்கிறாள். பட்டியலில் பவளத்துக்கு முன்னால் எஸ். அதே விலாசத்தில் சடையப்பன் என்று ஓர் ஆண். இங்கிலீஷில் செங்கேணிக்கும் அதே எழுத்து, சடையப்பனுக்கும் அதே எழுத்து. குமாஸ்தா ஒரு நிமிஷத்தில் தாலி கட்டிவைத்துவிட்டான்.

"இன்னாம்மா எக்ஸ்சேஞ்சு ஆண்டாளம்மா, நடுவுல?... மூணு நிமிசம் ஆச்சா? இன்னும் மூணு போடு. அதுக்கு மேல மூணு போடு. எக்ஸ்சேஞ்சுல கீற வரைக்கும் போடு, குறுக்க மட்டும் வராத!... தம்பி, சொல்லு. அஞ்சி ராத்திரியும் ஒரே ரூமா?... அந்த காயிதக் கதவு வூட்லயும்?... நீ கையெய்த்து வாங்காமயா போடுவே? அவன்கிட்ட கேட்டியா?... போன வாரம் நேர்ல வந்தானா? நீ இன்னா கேட்டே, அத்த அப்டியே சொல்லு... வூட்டுக்காரம்மாவுக்கும் உனுக்கும் ஒரு ரூமு போதுமான்னு கேட்டே. அவன் இன்னா சொன்னான்?"

பதில் சின்னதாகத்தான் இருந்திருக்க வேண்டும். பவளம் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"போதும்னானா... செரி. சிரிச்சிக்கினே சொன்னானா. செரி... கையெய்த்தும் போட்டானா? எந்தக் கையால போட்டான்?... சும்மாத்தான் கேக்கறேன், சொல்லு... சோத்துக் கையி. செரி."

எடைக்கல்லை அவள் மெதுவாகத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"இன்னா சொன்னே?... நானா?... நானு இந்த வாட்டி நின்னுக்கறதா? தம்பி, நீ ஒண்ணு புரிஞ்சிக்கோ. அவரு வேட்டி நுனி பெல்ட்டுல பட்ச்சி பாரு, அப்ப நானு இதே மேசையில ஒக்காந்துக்கினு கீறேன். எயுந்து ஓடி மோட்டார நிறுத்தறதுக்குள்ள மூணு சுத்து. மூணே சுத்து. இன்னிக்கும் அதே பெல்ட்டுதான் ஓடிக்கினு கீது. அதாண்ட ஆறு பேரு நின்னு வேல செய்றானுங்க. தெனம் அந்த மோட்டார போடச் சொல்லும்போது எனக்கு ஈரக்கொல நடுங்குதுடா... ஆங்... ஜப்பான்காரன் பெல்ட்டயெல்லாம் பொட்டிக்குள்ள வெச்சி மூடிட்டானாமே. அத்த நானு கண்ணால பாக்கணும், கைய வெச்சிப் பாக்கணும். வாங்கியாந்து மாட்டணும். நானா நிக்கறது? நானு ஏண்டா நிக்கணும்?"

மோட்டார் நின்றிருந்ததால் களத்தில் செருப்புச் சத்தம் நன்றாகக் கேட்டது.

"தம்பி, வெச்சிடாத. அப்டியே இரு... தோ வரான்... யாரா? என் புருசன்! நீ கட்டிவெச்சியே, அந்தப் புருசன்! கோட்டு போட்டுக்கினு வரான்!"

டெலிபோன் காலஞ்சென்ற மாமனார் பெயரில் இருந்தது. ஆகையால் இரண்டு மில்லுக்கும் அது பொது. மத்தியானத்துக்கு முன்னால் ஒரு தரம் வந்து பேசிவிட்டுப் போவது சடையப்பன் வழக்கம். இன்றைக்கு ஜப்பானுக்கென்று தைத்த கறுப்புக் கோட்டை அந்த வெயிலில் மாட்டிக்கொண்டு, அதை அவளுக்குக் காட்டவே வந்தவன் மாதிரி நெல்லை மிதித்துக்கொண்டு வந்தான்.

"வாங்க கொயுந்தனாரே, வாங்க. ஒக்காருங்க... இல்ல, ஒக்காருங்க, உங்க சங்கதியாத்தான் பேசிக்கினு கீறேன். முனிம்மா, நீயும் உள்ள வாடி. கதவச் சாத்து... உள்தாப்பா போடு."

முனியம்மாள் போட்டாள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த பதினொன்றில் அதுவும் ஒன்று. நன்றாக எண்ணெய் விட்டிருந்ததால் ஒரே இழுப்பில் போய் உட்கார்ந்தது. சடையப்பன் தாழ்ப்பாளைப் பார்த்தான், அப்புறம் அவளைப் பார்த்தான். சிரிப்பு அவன் வாயை விட்டு இன்னும் முழுதாய்ப் போகவில்லை.

"மெட்ராஸ்லேர்ந்து தம்பி பேசறான். அஞ்சி ஊர்லயும் ஒரு ரூமு போதும்னியாமே?... இன்னா மொணமொணக்கறே? சத்தமா சொல்லு, தம்பியும் கேக்கட்டும்... வெளையாட்டுக்கா? கேட்டுக்கோ தம்பி, வெளையாட்டுக்குச் சொன்னானாம். கெடங்குல வந்து கதவ சாத்துனதும் வெளையாட்டுதான். இல்ல?... ஏய், போன தொடாத! கைய எடு! எடுறா!"

லைனை வெட்ட அவன் வலது கை டெலிபோனுக்குப் பாய்ந்தது. கொக்கி எப்போது சுவரிலிருந்து அவள் கைக்கு வந்தது என்று முனியம்மாளுக்கே தெரியவில்லை. புதுக் கோட்டின் கைப்பகுதியைக் குத்தி, துணியோடு மேசைப் பலகையில் அது இறங்கி நின்றது. அவன் இழுத்தான். கோட்டு கிழிந்ததே தவிர கொக்கி வரவில்லை. இடது கையால் அவள் தலைமயிரைப் பிடித்து மேசையில் மோதினான். அவள் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. ரிசீவரை அவள் விடவில்லை. தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் அதை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் எடைக்கல்லைத் தூக்கினாள். முதல் அடி விரல்களில். இரண்டாவது அடி மணிக்கட்டில். களத்துக் காக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து பறந்தன.

"அலோ... கீறியா தம்பி?... சத்தமா? ஒண்ணுமில்ல, எடக்கல்லு வுயுந்துச்சி... ஆமா, கத்தறான். கையி மேல வுயுந்தா கத்த மாட்டானா?... நீ ஏன் அய்வறே? உன்ன ஒண்ணும் செய்யல. பென்சிலு கீதா? எய்திக்கோ. கே. சடையப்பன் வரல. பேர அடிச்சிடு... ஒடம்பு செரியில்ல... எப்பலேர்ந்தா? இப்பலேர்ந்துதான்... கையெய்த்து வோணுமா? அது கஸ்டம்பா. அவன் இனிமே ரெண்டு மாசத்துக்கு சோறே பீச்சாங்கையாலதான். வாயால சொல்லச் சொல்றேன், கேட்டுக்கோ."

ரிசீவரை அவன் வாய்க்கு நேராக நீட்டினாள். எடைக்கல் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"சொல்லுடா... ஆங், வரலன்னுட்டே. அது போதாது. நானு யாருன்னு சொல்லு... பேரு இல்ல! பேரச் சொன்னே, கல்லு இன்னோரு வாட்டி வுயும். செங்கேணி பொண்டாட்டி உனுக்கு இன்னா மொற? மொறையச் சொல்லு... சத்தமா."

மூன்று வருஷமாக அவன் வாயில் வராத சொல், அழுகையோடு சேர்ந்து வந்தது. முனியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"கேட்டியா தம்பி? இன்னா சொன்னான், நீயே சொல்லு... ஆங். அண்ணி. அதேதான். உன் லிஸ்ட்டுல எஸ்ஸாண்ட அத்த எய்தி வெச்சிக்கோ, மறுபடி கொயம்பாத."

கொக்கியைப் பிடுங்கினாள். அவன் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே குந்திவிட்டான்.

"எயுந்து போ. ஆஸ்பத்திரிக்கிப் போ. இன்னா ஆச்சின்னு கேட்டா ஆணி கியிச்சிதுன்னு சொல்லு. உனுக்குத்தான் பயக்கமாச்சே... முனிம்மா, தாப்பாவ எடுடி. வெளிய போவட்டும்."

அவன் போனான். போகிற வழியெல்லாம் நெல்லில் ரத்தம் சொட்டியது. முனியம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பவளம் பாதியைக் குடித்து, மீதியால் உதட்டைக் கழுவிக்கொண்டாள். நாளைக்கு இதற்கு என்ன வரும், போலீஸ் வருமா, பஞ்சாயத்து வருமா என்று நினைத்துப் பார்த்தாள். வந்தால் பேசிக்கொள்ளலாம் என்று தோன்றியது. எல்லாவற்றையும் போனில் கேட்டவன் ஒருவன் மெட்ராஸில் இருக்கிறான்.

"அலோ... இன்னும் கீறியா?... நானா? நல்லாத்தான் கீறேன். ஒதடுதான் கொஞ்சம் எரியுது... ஆங், ஆங். மிச்சத்த முடிச்சிடலாம். அஞ்சி ஊருக்கும் தனி ரூமு. டோக்கியோ டேசனாண்ட. ஒசாகா ஏயாவது மாடி... ஆங்... கியோட்டாவா? வேற எடம் பாக்கறியா?... பலகைக் கதவு, இரும்புத் தாப்பா. ஆங்."

அவள் ஆபீஸ் கதவைப் பார்த்தாள். முனியம்மாள் அதை அகலத் திறந்து போட்டிருந்தாள். களத்து வெயில் மேசை வரைக்கும் வந்திருந்தது.

"வோணாம் தம்பி. அந்த காயிதக் கதவு வூட்டயே போடு... நெஜமாத்தான் சொல்றேன். தாப்பா இல்லாம ஒரு ராத்திரி படுத்துப் பாக்கறேன். அப்டித் தூங்கி மூணு வர்சம் ஆச்சிப்பா... ஆங், ஆங். தோட்டம் தெரியும்னியே, அந்தப் பக்கம்... அலோ?... தம்பி?... அலோ?..."

எக்ஸ்சேஞ்சில் அதிகபட்சமாகக் கொடுக்கிற ஒன்பது நிமிஷமும் முடிந்து லைன் அறுந்துபோயிருந்தது.